மூன்று ஆண்டு பிசினஸ் படித்தாயிற்று, மறுபடியும் பிசினஸா?

கேள்வி

எனக்கு வயது 20. பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலி) வணிக டிப்ளோமா மூன்றாம் ஆண்டு, ஜிபிஏ எனும் சராசரி மதிப்பெண் 4க்கு 3.7. கடைசிப் பருவமாக ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலைப்பயிற்சி செய்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் நெருங்கிவிட்டது, வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பா உட்லண்ட்ஸில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். "வியாபாரத்தைக் கல்லாவுல உட்கார்ந்துதான் கத்துக்கணும், அதுக்கு எதுக்குப் பட்டம்?" என்பார். ஆனால் நான் படிக்க ஆசைப்பட்டால் தன் மத்திய சேமநிதியிலிருந்து (ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். அம்மாவுக்கு நான் கணக்கியல் படிக்க வேண்டும். வங்கியில் இருக்கும் மாமா, "வெறும் டிகிரி இந்தக் காலத்துல பத்தாது, பிசினஸ் முடிச்ச கையோட எம்பிஏவும் முடிச்சிடு" என்கிறார்.

பாலியில் படித்ததையே மறுபடி படிப்பதுபோல் ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். கணக்கியலில் 'ஏ' வாங்கினேன், ஆனால் வகுப்பில் தூக்கம்தான் வந்தது. வேலைப்பயிற்சி மட்டும் எதிர்பாராத அளவுக்குப் பிடித்திருக்கிறது. போன மாதம் இந்தியாவிலிருந்து வந்த உறைந்த இறால் கொள்கலன் ஒன்று துறைமுகத்திலேயே நின்றுபோனது. இன்வாய்ஸில் ஓர் எடை, பேக்கிங் லிஸ்ட்டில் வேறோர் எடை. எல்லாரும் சரக்கு அனுப்பியவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிடங்கில் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் கேட்டேன். இறாலின் மேல் பனிப்பூச்சு இருக்கும், ஒருவர் அதைச் சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார் என்றார். பெட்டி பெட்டியாகக் கணக்குப் போட்டேன். எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில்தான் எடை கூடியிருந்தது. மேலாளரிடம் காட்டினேன், அன்று மாலையே அனுமதிப் பத்திரத்தைத் திருத்தி அனுப்பினார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இதெல்லாம் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, மன்னிக்கவும். நான் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் படிக்கலாமா, வேண்டாமா?

வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

சம்பந்தமில்லாதது என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் அதிக இடம் பிடித்திருப்பது அந்த இறால்தான். அப்பா, அம்மா, மாமா மூவருக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு வாக்கியம்தான் கொடுத்திருக்கிறீர்கள். நிறுவனங்களுக்கு ஆளெடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது மாணவர்களுக்குப் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் எதை நீட்டி முழக்கிச் சொல்கிறார் என்று கவனிப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பிசினஸ் படிக்கலாம், ஆனால் 'பிசினஸ்' என்ற பொதுப்படையான ஒன்றைப் படிப்பதற்காகப் போகாதீர்கள். சரக்கு எப்படி நகர்கிறது, ஏன் நின்றுபோகிறது என்பதைப் படிக்கப் போங்கள். பிசினஸ் பட்டம் அதற்கு ஒரு வாசல், வேறு வாசல்களும் இருக்கின்றன. கணக்கியல் வேண்டாம். எம்பிஏ இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் அப்பா சொல்வதைப் பார்ப்போம், ஏனென்றால் அதில் பாதி உண்மை. இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித்தொழில் நடத்திய, தங்கவும் செய்த கட்டடங்கள்) இருந்த காலத்தில் வணிகம் படித்துவிட்டு யாரும் தொழிலுக்கு வரவில்லை. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பையன் முதலில் பெட்டியடிப் பையனாக எடுபிடி வேலை பார்ப்பான், அப்புறம் அடுத்தாள், அதற்கும் அப்புறம்தான் ஏஜெண்டு. வட்டியை மனக்கணக்காகவே போடுவான், பேரேடு எழுதுவான், ஐந்தொகை எடுப்பான், ராத்திரி அதே கிட்டங்கியில் பாயை விரித்துப் படுப்பான். 1970களில் நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போய்விட்டன. இன்று அந்தப் பக்கம் போனால் வங்கிக் கோபுரங்கள்தான் தெரியும். ஆனால் அந்தப் பையன்கள் வியாபாரத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், அதை யாரும் மறுக்க முடியாது.

அப்பா சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்தப் பையனை நம்பி யார் கல்லாவில் உட்காரவைத்தார்கள்? அவன் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள். ஊரும் உறவும் அவனுக்கு ஜாமீன். அப்பாவின் கடையை நீங்கள் எடுத்து நடத்தப் போகிறீர்கள் என்றால் இன்றைக்கும் அதே கதைதான், பட்டம் தேவையில்லை. கொள்முதல், இருப்பு, கணக்கு என்று அங்கே வேண்டிய அளவு டிப்ளோமாவே கற்றுக்கொடுத்திருக்கும், மிச்சத்தை அப்பா கற்றுத்தருவார். ஆனால் ஒரு பன்னாட்டுக் கப்பல் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டால் அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுபவர் மேலாளர்கூட இல்லை, உங்களைவிட மூன்று நான்கு வயது மூத்த ஒரு பிள்ளை. அவர் கையிலிருக்கும் பட்டியலில் முதல் கட்டமே பட்டம் இருக்கிறதா என்பதுதான். நியாயமா என்று கேட்டால், இல்லை. அண்மைக் காலமாகப் பட்டத்தைப் பார்க்காமல் திறனைப் பார்த்து எடுக்கிறோம் என்று பேசும் நிறுவனங்கள் கூடியிருக்கின்றன, சில உண்மையாகவே அப்படிச் செய்கின்றன. ஆனாலும் பதவி உயர்வு என்று வரும்போது பழைய கட்டம் மறுபடி எட்டிப்பார்க்கும்.

ஆகவே பட்டம் வேண்டும். எந்தப் பட்டம் என்பதுதான் கேள்வி.

படித்ததையே மறுபடி படிப்பது பற்றிய உங்கள் பயம் ஓரளவு நியாயமானதுதான். நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம், புள்ளியியல் என்று பாலியில் நீங்கள் தாண்டி வந்தவை பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டில் மீண்டும் வந்து நிற்கும். தொடக்கக் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் பற்று வரவு என்ற சொல்லையே அங்கேதான் முதன்முதலாகக் கேட்பார்கள். உங்களுக்கு முதல் சில வாரம் சொகுசாக இருக்கும். டிப்ளோமா பாடங்களுக்குச் சில விலக்குகள் கிடைக்கும், எவ்வளவு என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சந்தைப்படுத்தலுக்கு விலக்கு வாங்கலாம். புள்ளியியலுக்குக் கிடைத்தாலும் வாங்காமல், உட்கார்ந்து மறுபடி படியுங்கள். மேலே வரும் தரவுப் பகுப்பாய்வுப் பாடங்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன, பாலியில் அதை ஓடுகிற ஓட்டத்தில் தொட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

பிசினஸ் பாடத்திட்டத்தில் இரண்டு வகை இருக்கிறது. கணக்கியல், நிதி, புள்ளியியல், செயல்பாட்டு நிர்வாகம் ஒரு வகை. இவற்றில் சரி, தவறு என்று உண்டு, கற்றுக்கொண்டால் கையில் நிற்கும். தலைமைத்துவம், நிறுவன நடத்தை, வியூகம் இன்னொரு வகை. இவை வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒருவரையும் மேய்த்துப் பார்க்காத 21 வயதில் இவை ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறிவிடும். பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு அதே பாடத்தைக் கேட்டால் ஒவ்வொரு வரியிலும் உங்கள் பழைய மேலாளர் ஒருவர் தெரிவார். பிசினஸ் பட்டம் உப்புச்சப்பில்லாதது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையை மட்டும் நிறைய எடுத்துக்கொண்டு, முதல் வகையைப் பயந்து ஒதுக்கியவர்கள். நான்கு ஆண்டையும் குழுப் பணி, படக்காட்சி, மறுபடி குழுப் பணி என்று கழித்துவிட்டு வருவார்கள். அந்தக் குழுப் பணியில் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்லைடு சரிசெய்கிற ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும், அது நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நேர்காணலில் புதிய பட்டதாரிகளிடம் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "வேலைப்பயிற்சி பார்த்த இடத்தில் ஏதாவது ஒரு வேலை நின்றுபோனதா? ஏன் நின்றது?" வணிகப் பட்டதாரிகள் பலர் சொன்ன பதில், தகவல் தொடர்பில் குறைபாடு. சரி, யாருக்கும் யாருக்கும் இடையில், எந்தத் தகவல் என்று கேட்டால் மௌனம்தான். ஆனால் விண்ணப்பத்தில் கேஸ் போட்டியில் (வணிகச் சிக்கலுக்குத் தீர்வு சொல்லும் மாணவர் போட்டி) இறுதிச்சுற்று, மாணவர் மன்றத்தில் துணைத் தலைவர், துடிப்பான குழு உறுப்பினர் என்று எல்லாம் இருக்கும், அச்சடித்ததுபோல் எல்லாருடைய விண்ணப்பமும் ஒன்றாகவே இருக்கும். நிகர எடையில் பனிப்பூச்சைச் சேர்த்ததால் கொள்கலன் நின்றது, எல்லாப் பெட்டியிலும் ஒரே விகிதம் வந்ததால் அது திருட்டும் இல்லை தட்டச்சுப் பிழையும் இல்லை என்று கண்டுபிடித்தேன் என ஒரு பிள்ளை சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். குளிரூட்டிய கொள்கலன் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மின்சாரத்துக்கும் இடத்துக்கும் பணம் ஓடிக்கொண்டிருக்கும், இலவச நாள்கள் முடிந்தால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் வேறு. அன்று மாலையே திருத்தம் போனதால் உங்கள் நிறுவனத்துக்கு மிச்சமானது எவ்வளவு என்று மேலாளரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அந்த எண் வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கணினித் திரையில் இல்லாத விடையைக் கிடங்கு அண்ணனிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள். அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இல்லை.

இந்தத் துறைக்கு இங்கே எதிர்காலம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்பார்கள். 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் இருபதடிக் கொள்கலன் கணக்கில் 41 மில்லியனுக்கு மேல் கையாண்டது, அதுவரை இல்லாத அளவு. 2022இல் அதிகாரபூர்வமாகத் திறந்த துவாஸ் துறைமுகம் 2040களில் முழுமையாகக் கட்டி முடியும்போது அது ஒன்றே ஆண்டுக்கு 65 மில்லியன் கையாளும் அளவுக்குத் திட்டமிட்டிருக்கிறார்கள். சரக்கு குறையப் போவதில்லை. ஆனால் அதைக் கையாளும் ஆள்கள் குறைவார்கள். துவாஸில் கொள்கலனைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டிகளில் ஓட்டுநர் கிடையாது. சுங்கப் பத்திரங்களைக் காகிதமில்லாமல் அனுப்பும் டிரேட்நெட் முறை இங்கே 1989லேயே வந்துவிட்டது, இனி பத்திரம் நிரப்புவதையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும். அதனால் இந்தத் துறையில் பத்திரம் நிரப்புகிறவராக நுழைந்து அங்கேயே நின்றுவிடக்கூடாது. இரண்டு பத்திரத்தில் இரண்டு எடை ஏன் வந்தது என்று கேட்கிற இடத்துக்குப் போக வேண்டும், அதற்குத்தான் கணக்கும் தரவுப் பகுப்பாய்வும்.

இப்போது வாசல்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக பிசினஸ் பள்ளியில் செயல்பாடு, சப்ளை செயின் (விநியோகச் சங்கிலி) பக்கம் சிறப்புப் பாடம் எடுக்கலாம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் செயல்பாட்டு நிர்வாகம் உண்டு. அங்கே வகுப்புகள் சிறியவை, வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கே மதிப்பெண் இருக்கிறது, சேர்க்கைக்கு நேர்காணலும் வைப்பார்கள். பேசக் கூச்சம் இருந்தால் முதல் பருவம் கொஞ்சம் நெளிவீர்கள், அப்புறம் பழகிவிடும்.

உங்கள் வீட்டில் யாரும் பேசாத வாசல் ஒன்று, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல்துறைப் படிப்பு. பெயரைக் கேட்டதும் கப்பலில் போய் வேலை பார்க்கும் படிப்பு என்று அம்மா பதறுவார். அப்படி இல்லை. கப்பலை வாடகைக்கு எடுப்பது, கடல்சார் சட்டம், கப்பல் போக்குவரத்தின் பொருளியல், துறைமுகம் என்று கரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலைகளுக்கான படிப்பு அது. பிசினஸ் பட்டத்தைவிட வட்டம் சிறியது, ஆனால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு அந்தப் பட்டம் நன்றாகத் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான். தொழில்துறைப் பொறியியல் என்றும் ஒன்று இருக்கிறது, இதே கேள்விகளை இன்னும் ஆழமாகக் கேட்பது, ஆனால் கணிதம் அதிகம். வணிக டிப்ளோமாவோடு உள்ளே நுழைவது கடினம் என்பதால் அதை இழுக்கவில்லை.

நான்காவது, சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் சப்ளை செயின் நிர்வாகம் படிப்பது. இதைச் சொன்னால் பல வீடுகளில் முகம் சுருங்கும், பகுதிநேரப் பட்டம் என்றால் ஏதோ ஒரு படி கீழே என்று. அந்த எண்ணம் பழசாகிவிட்டது. ஆனால் பகல் முழுக்க வேலை, இரவில் வகுப்பு என்று நான்கைந்து ஆண்டு ஓட உடம்பும் மனசும் வேண்டும். பாதியில் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செலவு என்றதும் எல்லாரும் கட்டணத்தை மட்டும் பார்க்கிறார்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கு அரசாங்க மானியம் போக பிசினஸ் படிப்புக்கு ஆண்டுக்கு 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒட்டி வரும், நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இன்னும் கூட. நான்கு ஆண்டுக்கு 40,000 என்று வையுங்கள். உண்மையான செலவு அதைவிடப் பெரியது, இந்த நான்கு ஆண்டில் நீங்கள் சம்பாதிக்காமல் விடுகிற சம்பளம். டிப்ளோமாவோடு வேலைக்குப் போனால் தொடக்கத்தில் மாதம் 3,000 வெள்ளிக்குச் சற்றுக் கீழே கிடைக்கும். 2,900 என்று வைத்தால் நான்கு ஆண்டில் 1,39,200. ஆக மொத்தம் ஏறத்தாழ 1,80,000 வெள்ளி. 2024 பட்டதாரிகளின் இடைநிலைச் சம்பளம், அதாவது வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவது, மாதம் 4,500. வித்தியாசம் 1,600, ஆண்டுக்கு 19,200. ஊதிய உயர்வையெல்லாம் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் போட்டது திரும்பிவர ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். இது பட்டம் வேண்டாம் என்பதற்கான வாதம் இல்லை, அதற்குப் பிறகு முப்பது ஆண்டு வேலை பார்ப்பீர்கள். ஏனோதானோ என்று ஒரு பட்டம் எடுப்பதற்கு இது மலிவான சாமான் இல்லை என்று சொல்லத்தான் கணக்குப் போட்டேன்.

அந்த 4,500 எல்லாப் படிப்பையும் சேர்த்து வரும் எண் என்பதையும் மறக்க வேண்டாம். கல்வி அமைச்சும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில் ஒவ்வொரு படிப்புக்கும் தனி வரிசை இருக்கும். மாமா மாதிரி ஆள்கள் இடைநிலைச் சம்பளத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நீங்கள் அதே வரிசையில் 25ஆவது விழுக்காட்டு எண்ணைப் பாருங்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து இருபத்தைந்தாவது ஆள் வாங்கும் சம்பளம் அது. கணக்கியலில் அதற்கும் இடைநிலைக்கும் உள்ள இடைவெளி சிறியது, ஏனென்றால் பெரும்பாலோர் ஒரே மாதிரி வேலைக்குப் போகிறார்கள். பிசினஸில் முதலீட்டு வங்கிக்குப் போனவரும் கடை விற்பனைப் பிரிவுக்குப் போனவரும் ஒரே வரிசையில் இருப்பார்கள். நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் எண்களில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனி வரிசையும் இருக்கும். விளம்பரத்தில் எந்த வரிசையைக் காட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களின் விழுக்காடும் பக்கத்திலேயே இருக்கும், சம்பளத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். கணக்கியல் நல்ல தொழில், பாதையும் தெளிவு: பட்டம், பிறகு சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் தகுதி, அதற்கு மூன்று ஆண்டு வேலை அனுபவம். ஆனால் 'ஏ' வாங்கியும் தூக்கம் வந்தது என்கிறீர்கள். தணிக்கை நிறுவனங்களில் ஆண்டுத் தொடக்கத்து மாதங்களில் நள்ளிரவு வரை வேலை இருக்கும். விருப்பம் இருப்பவர்களே தடுமாறும் இடம் அது. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சப்ளை செயினிலும் கணக்கு உண்டு என்றால் அவர் கொஞ்சம் சமாதானமாவார்.

மாமா சொல்லும் எம்பிஏ. எம்பிஏ என்பது வேலை பார்த்தவர்களுக்காக உண்டாக்கிய படிப்பு. பிரான்சின் இன்சியாட் 2000ஆம் ஆண்டு இங்கே புவன விஸ்தா பக்கம் வளாகம் திறந்தது. அங்கே எம்பிஏ பத்து மாதம்தான், வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோவை ஒட்டி. வகுப்பில் பாதிப் பாடம் பக்கத்து இருக்கைக்காரரின் அனுபவம். துருக்கியில் தொழிற்சாலை நடத்தியவரும் ஜகார்த்தாவில் வங்கிக் கிளை பார்த்தவரும் பேசும்போது, நேற்று பட்டம் வாங்கிய பிள்ளை சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இங்குள்ள நல்ல பள்ளிகள் அப்படிப்பட்ட விண்ணப்பத்தைப் பெரும்பாலும் எடுக்கவும் மாட்டா. அனுபவம் வேண்டாம், எட்டே மாதத்தில் எம்பிஏ என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பட்டம் முடித்த கையோடு மேற்படிப்புதான் வேண்டும் என்றால் அனுபவம் இல்லாதவர்களுக்கென்றே முதுநிலை நிர்வாகப் படிப்புகள் தனியாக இருக்கின்றன, அதற்கும் அவசரம் இல்லை. எம்பிஏ எடுக்கும் நேரம் எப்போது என்றால், துறை மாற வேண்டும், நாடு மாற வேண்டும், அல்லது முதலாளி செலவை ஏற்கிறார் என்று மூன்றில் ஒன்றாவது இருக்கும்போது. முனைவர் பட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அது ஆராய்ச்சியாளர் ஆகிறவர்களுக்கு, நாம் விட்டுவிடலாம்.

சரி, இப்போது என்ன செய்வது? இந்த ஆண்டே விண்ணப்பியுங்கள், மேலே சொன்ன முதல் மூன்றுக்கும். உங்கள் 3.7 எங்கே நிற்கிறது என்பதற்குப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் முந்தைய சேர்க்கை அளவுகளைப் பாருங்கள், 10ஆவது விழுக்காட்டு ஜிபிஏவும் 90ஆவதும் இருக்கும். பிசினஸுக்கு இழுபறிதான், தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்னும் கொஞ்சம் இழுபறி. அதனால்தான் திறன் அடிப்படையிலான சேர்க்கையை விட்டுவிடக்கூடாது. அங்கே ஈடுபாட்டையும் அனுபவத்தையும் பார்ப்பார்கள். கட்டுரையில் இறால் கதையை இந்தக் கடிதத்தில் எழுதியமாதிரியே எழுதுங்கள், 'தலைமைத்துவம்' என்ற சொல்லை எங்கேயும் சேர்க்காமல். பயிற்சி முடியும் முன் உங்கள் மேலாளரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதமும் வாங்கிவிடுங்கள். நிறுவனம் மாறிப் போன பிறகு அவரைத் தேடுவது கஷ்டம்.

அதே நேரத்தில் இன்னொன்றும் கேளுங்கள், டிப்ளோமா முடிந்ததும் அங்கேயே ஓராண்டு வேலை கிடைக்குமா என்று. ஓராண்டு வீணாகிவிடும் என்று வீட்டில் பயப்படுவார்கள். உங்கள் வகுப்பு ஆண் பிள்ளைகள் இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறார்கள், நீங்கள் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகம் போனாலும் அவர்களுக்கு முன்னால்தான் இருப்பீர்கள். அடுத்த ஆண்டும் அதே டிப்ளோமா மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். பயிற்சியில் பிடிக்கிற வேலை சம்பளத்துக்குச் செய்யும்போதும் பிடிக்கிறதா என்பது அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். கடல்துறைப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டால் மட்டும் இந்த ஓராண்டைத் தள்ளிவைத்துவிட்டு நேராகச் சேர்ந்துவிடுங்கள்.

கடைசியாக அப்பாவின் சேமநிதி. மத்திய சேமநிதிக் கல்விக் கடன் என்பது அவருடைய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் சேர்ந்ததில் 40 விழுக்காடு வரை எடுக்கவிடும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து நீங்கள் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும். கடை வைத்திருப்பவர் என்கிறீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத்தான் கட்டாயமாகப் பணம் போட வேண்டும், சாதாரணக் கணக்குக்கு இல்லை. அப்படியானால் அதில் இருப்பது கடை தொடங்கும் முன் எங்கேயாவது சம்பளத்துக்கு இருந்தபோது சேர்த்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும், புதிதாக எதுவும் சேர்ந்துகொண்டிருக்காது. அதில் கை வைப்பதற்கு முன் கல்விக் கட்டணக் கடனைப் பாருங்கள். கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்வி அமைச்சின் உதவிநிதிக்கும் விண்ணப்பிக்கலாம், கடையின் வருமானவரிக் கணக்கைக் கேட்பார்கள், அப்பாவை இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மீதி 10 விழுக்காடும் கைச்செலவும்தான் வீட்டிலிருந்து வர வேண்டியது, ஓராண்டு வேலை பார்த்தீர்கள் என்றால் அதையும் நீங்களே கட்டிவிடலாம்.